கொழாக்காரரும் ஒண்ணாம் நம்பர் பாட்டும்

செத்துப்போனவரைப் பாட்டுப் போட்டே எழுப்பி உக்கார வச்ச மனுஷன் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான். அவர் உத்திரமேரூர் பஜார்ல, என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில இருந்தார். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், நானும் சிரிச்சவதான். மாகறல்ல அந்தப் பெரியவர் எழுந்து உக்காந்ததை என் கண்ணால பாத்த பிறகு ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு எறங்கலை.

அப்பா அம்மா வச்ச பேரு அவரோட ரேஷன் கார்டுல இருக்கு. நானே பத்து தடவை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கேன். ஊருக்கு அவர் கொழாக்காரர், அவ்வளவுதான். மைக்செட் வாடகைக்கு விடறவர். வேப்பமரமோ பனைமரமோ, எது கெடைச்சாலும் மடமடன்னு ஏறி ரெண்டு கொழாய் ஸ்பீக்கரைக் கட்டிடுவார். அதோட சுத்துப்பட்டுல ஒருத்தனும் நிம்மதியாப் பேச முடியாது. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்தறது, எழவு, எல்லாத்துக்கும் அவர்தான். முப்பது வருஷம் கொழாய்க்குக் கீழயே நின்னு பழகினதால சாதாரணமாப் பேசறதே அவருக்குக் கத்தறதுதான். அவர் சம்சாரம் சரோஜாக்கா அதுக்கு மேல. புள்ளைகுட்டி கெடையாது, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கத்திக்கினே காலத்தை ஓட்டினாங்க. "டீ குடிக்கிறியாய்யா?"ன்னு அக்கா கேட்டா பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேர் திரும்பிப் பாப்பாங்க.

ஒரு ஆடி மாசத்துக்கு முன்னாடி அவர் காஞ்சிபுரம் போய், "அம்மன் பாட்டு முந்நூறு"ன்னு ஒரு மெமரி கார்டு வாங்கிக்கினு வந்தார். அதுல எரநூத்தித் தொண்ணூத்தி ஒம்போது அம்மன் பாட்டு. மிச்சம் ஒண்ணு வேற. மொதல்ல யாரோ மூச்சு விடற சத்தம். அப்புறம் கை தட்டற சத்தம், நிதானமா, வாசக்கதவைத் தட்டற மாதிரி. அதுக்கப்புறம்தான் ஒரு பொண்ணோட குரல். தமிழ் இல்ல, தெலுங்கு இல்ல, இந்தியும் இல்ல.

"தா, கம்ப்யூட்டரு! இது யாருன்னு பாரு"ன்னு என் கடைக்குள்ள வந்து நின்னார். என் பேரு அவர் வாயில கம்ப்யூட்டருதான்.

தேடிப் பாத்தேன். லத்தீன் அமெரிக்காப் பக்கத்துப் பாடகி, ஸ்பானிஷ்ல பாடறா. அதுதான் அவளோட மொதல் பாட்டு. பேரு நாலு முழம் நீளம். வாசிச்சுக் காட்டினேன்.

"அதெல்லாம் வாயில பூராதும்மா. தங்கச்சின்னே வச்சிக்கலாம்."

"அண்ணே, இந்த வாரம் லிஸ்டுல ஆறாவது இடத்துல இருக்குதாம்"னு சொல்லித் தொலைச்சேன். அது என் வாய்க்கொழுப்பு.

"இன்னா லிஸ்டு?"

"அந்தப் பக்கத்துப் பாட்டுங்கள்ல எதை ஜனங்க ஜாஸ்தியாக் கேக்கறாங்களோ அதுக்கு வாராவாரம் நம்பர் போடுவாங்க. பள்ளிக்கூடத்துல ரேங்க் போடற மாதிரி."

"ஆறா?" மூஞ்சி சுண்டிப்போச்சு. "இன்னாமா பாடுது, ஆறாவதா போட்டுக்கீறானுங்களே. கண்ணவிஞ்ச பசங்க."

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை புது லிஸ்டு வரும். அன்னிக்குக் காத்தால நான் கடை தொறக்கறதுக்கு முந்தியே குளிச்சு விபூதி பூசிக்கினு ஷட்டர் பக்கத்துல நிப்பார். அவருக்கு இங்கிலீசு வராது, நம்பர் மட்டும் தெரியும். நான் அச்சடிச்சுக் குடுக்கணும். தங்கச்சி பேரு எந்த வரியில இருக்குதுன்னு வெரலால தொட்டுக் காட்டணும். ஆறு நாலாச்சு, நாலு ரெண்டாச்சு. மூணாவது வாரம் ஒண்ணு. அன்னிக்கு பஜார் முழுக்க ஜாங்கிரி குடுத்தார்.

சரோஜாக்கா கடைக்குள்ளேருந்து கத்துச்சு. "யார் வூட்டுல இன்னா விசேஷம்?"

"தங்கச்சி ஃபஸ்ட்டு வந்துட்சிடீ!"

"உனுக்கு ஏதுய்யா தங்கச்சி? எனுக்குத் தெரியாம எவ அவ?"

ரெண்டாவது பாட்டு வந்து மூணு வரைக்கும் ஏறி நின்னுடுச்சு. அதை அவர் கல்யாணத்துக்கு ஒதுக்கினார். மூணாவது பாட்டு யாரோ தாடிக்காரனோட சேந்து பாடினது, வந்த ஒரு வாரம் மட்டும் ஒண்ணு. ஆனா கொழாக்காரர் ஒத்துக்கலை. "அதுல பாதி அந்தாளு பாடினது. பாதி மார்க்குதான்"னுட்டார். மொதல் பாட்டைத் தவிர எதையும் அவர் பெருசா மதிக்கலை. அந்த ஒரு வாரத்தைத் தவிர மொதல் பாட்டு ஒண்ணுல உக்காந்தது உக்காந்ததுதான், எறங்கவே காணோம். கூழ் ஊத்தற அன்னிக்கு அதைப் போட்டப்போ, சாமி வந்து ஆடின அம்மா அப்படியே நின்னுடுச்சு. பாட்டு முடியற வரைக்கும் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு அப்புறம்தான் குறி சொல்லுச்சு.

மாகறல் விஷயத்துக்கு வரேன். செத்தவர் என் கூடப் படிச்சவளோட அப்பா. பெரிய விவசாயி, நல்ல வயசு. நான் மாலையோட போனேன். உச்சிவெயில். ஐஸ் பெட்டி செங்கல்பட்டுலேருந்து வந்துகினே இருக்குதுன்னாங்க. பெரியவரை வாசப்பந்தல்ல பெஞ்சு மேல கெடத்தி, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, வாய்க்கட்டுப் போட்டு, நெத்தியில காசு வச்சிருந்தாங்க. எழவுக்குன்னு கொழாக்காரர்கிட்ட ஒப்பாரிப் பாட்டு கார்டு தனியா இருக்கு. அன்னிக்கு அவசரத்துல அதை வுட்டுட்டு அம்மன் கார்டை மாட்டிட்டார். எழவு வீட்டுல அம்மன் பாட்டுப் போட்டா ஒதைப்பாங்கன்னு அடுத்தது அடுத்ததுன்னு தள்ளித் தள்ளி, கடைசியில அந்த முந்நூறாவது பாட்டுல போய் நின்னார்.

மூச்சு. அப்புறம் கை தட்டல்.

அழுதுகினு இருந்த பொம்பளைங்க யாரும் சொல்லாமலே நிறுத்தினாங்க. வேப்பமரத்துக் காக்கா மொத்தமும் எழும்பிப் போச்சு. பெரியவரோட கால் கட்டைவெரல் துணி தானா அவுந்துச்சு. குரல் ஆரம்பிச்சது, அவர் எழுந்து உக்காந்தார். நெத்திக் காசு உருண்டு வந்து என் காலடியில விழுந்துச்சு.

அதுக்கப்புறம் அங்க இருந்தவங்களை மேளக்காரங்க உட்பட செய்யாத்து மணல்லதான் தேடிப் புடிக்கணும். பெத்த புள்ளைங்களே ஓடினாங்க. நான் காலடியில கெடந்த காசையே பாத்துக்கினு நின்னுட்டேன். கொழாக்காரர் மட்டும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல அசையாம நின்னு, வேலை கெட்டுடக் கூடாதுங்கற கவலையில கேட்டார்: "பெரியவரே, சவுண்டு கொறைக்கட்டுமா?"

பெரியவர் யாரையும் பாக்கலை. கொழாயையே பாத்துக்கினு இருந்தார்.

ஊர் நர்ஸம்மா வந்து, "சக்கரை எறங்கியிருக்கும், நாடி சரியாப் பாக்காம கெடத்திட்டீங்க"ன்னு திட்டினாங்க. இருக்கலாம். நானும் அதைத்தான் நம்பப் பாத்தேன். ஆனா பெரியவர் அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தார். ஊட்டினாச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசலை, பெத்த பொண்ணு யாருன்னு தெரியலை. விளக்கு வைக்கிற நேரம் ஆனா அந்தப் பாட்டை மூக்காலயே முனகி, நிதானமாக் கை தட்டுவார். "எங்கப்பா உள்ள இல்லடி. வேற யாரோ உக்காந்துகினு கீறாங்க"ன்னு என் தோழி அழுதா. கொழாக்காரர் ஒரு தடவை பாக்கப் போய்ட்டு வந்து, என் கடை ஸ்டூல்ல உக்காந்தார்.

"என்னைப் பாத்துச் சிரிச்சாரும்மா. அது அவரு சிரிப்பு இல்ல"ன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? எந்த எழவானாலும், எடுக்கறதுக்கு முன்னாடி "அந்தப் பாட்டை ஒருக்கா போட்டுப் பாத்துடு நைனா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. திருமுக்கூடல்ல ஒரு அம்மா ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தாங்க. பாட்டு ஓடினப்போ கண்ணாடியில உள்பக்கமா ஆவி படிஞ்சுது. மூக்குக்கு நேரா, படிஞ்சு படிஞ்சு மறைஞ்சுது. பாட்டு நின்னதும் அதுவும் நின்னுடுச்சு. எழுந்திரிக்கலை. அடுத்த ஊர்ல மாலை மட்டும் நழுவி விழுந்துச்சு. அதுக்கடுத்த ஊர்ல நாய் ஊளை விட்டதோட சரி.

கொழாக்காரர் என் முன்னாடி பழைய லிஸ்டுங்களைப் பரப்பினார். "மாகறல் அன்னிக்கு எத்தினி?" ஒண்ணு. "திருமுக்கூடலு?" ரெண்டு. "மாலை வுழுந்தது?" ஏழு. "நாயி?" பதினாலு.

அவர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தேன். "அண்ணே, எந்திரிச்சுப் போங்க. எனக்கு வேலை இருக்கு"ன்னு வெரட்டினேன். வேலையாவது ஒண்ணாவது! அவர் போனதும் நானும் ஒரு தாள்ல நம்பரையும் நடந்ததையும் எதிரெதிரா எழுதிப் பாத்தேன்.

தாமல் பக்கம் ஒரு வீட்டுல மூணு அண்ணன் தம்பிங்க அவரைத் தனியா இட்டுக்கினு போய்க் கையைப் புடிச்சிக்கினாங்களாம். "நைனா, அந்தப் பாட்டு மட்டும் வேணாம். நெலத்தை இப்பத்தான் பேசி பாகம் பிரிச்சோம். அப்பா எந்திரிச்சு உக்காந்தா மறுபடியும் பேஜாராயிடும்."

அப்புறம் பாட்டு லிஸ்டை விட்டே எறங்கிப் போச்சு. தங்கச்சியும் புதுசாப் பாடினதா காணோம். ரெண்டு வருஷம் லிஸ்டுல அவ பேரே இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து நின்னவர், "இல்லியா? சரி வுடு. ஒடம்பு சரியில்லாம இருக்கும்"னு போயிடுவார்.

அந்த ரெண்டாவது வருஷம் தை மாசத்துல சரோஜாக்கா கடையில ஒயர் சுத்திக்கினு இருந்தது அப்படியே சாஞ்சுடுச்சு. தலையில ரத்தக்கொழாய் வெடிச்சிருக்குன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்துட்டு, "வீட்டுக்கு இட்டுக்கினு போங்க, இனிமே மருந்து இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. நெனவு இல்லை, மூச்சு மட்டும் வந்துகினு இருந்துச்சு.

கொழாக்காரர் நேரா என் கடைக்கு வந்தார்.

"கம்ப்யூட்டரு, அந்தப் பாட்டு இப்ப எத்தினி?"

"லிஸ்டுலயே இல்லியேண்ணே."

"எப்படி ஏத்தறது?"

என் வாய் இருக்கே! "போன்ல நெட்டு மூலமா நெறைய பேர் கேட்டா ஏறும்"னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான். ஊர் ஊரா, வீடு வீடாப் போனார். ஒவ்வொருத்தர்கிட்டயும் போனை வாங்கி, அந்தப் பாட்டைப் போட்டு, முடிஞ்சா மறுபடி ஓடற மாதிரி வச்சுக் குடுத்தார். மறுத்தவங்க ஒருத்தர் கெடையாது. யார் வீட்டுச் சாவுக்கு, கல்யாணத்துக்கு அவர் கொழாய் கட்டலை? சார்ஜர் மாட்டி போனை அலமாரியில, அரிசி டப்பா மேல, சாமி மாடத்துல வச்சுட்டு ஜனங்க வயலுக்குப் போயிட்டாங்க.

பாட்டு ஓடின அந்த ஒரு வாரத்து உத்திரமேரூர் மத்தியானத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். தெருவுல ஒரு மனுஷர் இல்லை. பூட்டின வீட்டுக்குள்ளேருந்து மூச்சு விடற சத்தம். அடுத்த வீட்டுல கை தட்டற சத்தம். எதிர் வீட்டுல குரல். ஒண்ணுக்கொண்ணு முன்னப்பின்ன ஓடி, தெரு மொத்தமும் யாரோ கதவைத் தட்டிக்கினே நடந்து போற மாதிரி இருக்கும். நடவு நடற பொம்பளைங்க குனிஞ்ச தலை நிமிராம அதையே ஸ்பானிஷ்ல பாடினாங்க. அர்த்தம் ஒருத்திக்கும் தெரியாது. ஒரு வரி பெசகலை.

"அண்ணே, அந்த மாகறல் பெரியவர் மாதிரி ஆயிட்டா?"ன்னு ஒரு நாள் மெதுவாக் கேட்டேன்.

"எப்படியாச்சும் எந்திரிச்சாப் போதும்"னார். அதுக்கு மேல நான் கேக்கலை.

செவ்வாய்க்கிழமை வந்துச்சு. லிஸ்டை மேலேருந்து கீழ வரைக்கும் மூணு தடவை பாத்தேன். இல்லை. எங்க தாலுக்கா மொத்தமும் சேந்து கேட்டா உலகத்துக்கு எந்த மூலைக்குப் பத்தும்? வாசல்ல அவர் நிக்கிறார். விபூதி பூசலை, தலை வாரலை. வீட்டுல அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சாம்.

நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், திட்டறவங்க திட்டிக்கோங்க. பாட்டு ஒண்ணுல இருந்த பழைய லிஸ்டு என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. மேல இருந்த தேதியை மட்டும் அழிச்சு, அன்னிக்குத் தேதியைப் போட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. அச்சடிச்சு நீட்டினேன்.

அவர் ஒண்ணுங்கற நம்பர் மேல வெரலை வச்சு, தங்கச்சி பேரு வரைக்கும் இழுத்துப் பாத்தார். தாளைக் கண்ணுல ஒத்திக்கினு ஓடினார். பொய் சொன்ன பயத்துல கடையைத் தொறந்தது தொறந்தபடி போட்டுட்டு நானும் பின்னாலயே ஓடினேன்.

முருங்கை மரத்துல கொழாய் ஏற்கெனவே கட்டியிருந்துச்சு, வீட்டைப் பாத்து. ஜன்னல் பக்கத்துல ஆம்ப்ளிஃபையர். கட்டில்ல அக்கா. அவர் தாளை அக்கா மூஞ்சிக்கு நேரா புடிச்சு, "சரோஜா, தா பாரு, ஒண்ணு!"ன்னு கத்தினார். போய் சுவிட்சுல வெரலை வச்சார்.

வெரல் அங்கயே நின்னுச்சு.

"கம்ப்யூட்டரு, இப்ப போட்டா எந்திரிச்சிடும் இல்ல?"

"ம்"ன்னேன்.

"கண்டிப்பா எந்திரிச்சிடும் இல்ல?"

"ம்."

அவர் அக்காவையே பாத்தார். வெளிய தெரு முழுக்க அந்தக் கை தட்டல் ஓடிக்கினு இருக்கு.

"எந்திரிச்சா, யாரு எந்திரிப்பாங்க?"

அவர் ஆம்ப்ளிஃபையரை அணைச்சார். மெமரி கார்டை உருவி என் கையில குடுத்தார்.

"போ. போயி எல்லாரையும் நிறுத்தச் சொல்லு."

ஓடினேன். ஆளிருந்த வீட்டுல சொன்னேன். இல்லாத வீட்டுல அக்கம்பக்கத்துல சாவி வாங்கிப் போய் நானே நிறுத்தினேன். ஒவ்வொரு வீடா அடங்குச்சு. கடைசிப் போனையும் நிறுத்திட்டுத் திரும்பி வந்தப்போ, எங்க ஊர்ல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அவர் கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து அக்கா கையைப் புடிச்சிக்கினு இருந்தார். நான் நெலைப்படியில நின்னேன். அப்போ சரோஜாக்கா கண்ணைத் தொறந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், பாட்டு இல்லை, ஒண்ணும் இல்லை, தானாத் தொறந்துச்சு. அது அக்கா பார்வைதான். சந்தேகமே வேணாம், புருஷனை மொறைச்சுப் பாத்துச்சு.

"இன்னாய்யா, இவ்ளோ அமைதியா கீது? கரண்டு போச்சா?"

"ஆமா. போயிட்சி."

தலைக்கு மேல மின்விசிறி சுத்திக்கினு இருக்கு.

"வந்தா எழுப்பு."

"சரி. நீ தூங்கு."

அவங்க ரெண்டு பேரும் மெதுவாப் பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். அக்கா கண்ணை மூடிக்கிச்சு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு நின்னுடுச்சு. கொழாக்காரர் வீட்டு எழவுக்குக் கொழாய் கட்டலை. வந்தவங்க எல்லாரும் செருப்புச் சத்தம் கூடக் கேக்காம வந்து, அக்காவைப் பாத்துட்டுப் போனாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்னேன். தாள் பொய்யின்னு சொல்லிடணும்னுதான் போயிருந்தேன். ஒரு பொய்யை வயித்துல வச்சுக்கினு எத்தினி நாள் சோறு திங்கறது? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவர் கேட்டார்.

"ஏம்மா, எழுப்பியிருக்கலாம் இல்ல? ஒண்ணுல இருந்திச்சே. நானே வேணாம்னு வுட்டுட்டேனே, தப்பா?"

நெஜத்தைச் சொன்னா அவருக்கு அந்தச் சுமை அந்த நிமிஷமே எறங்கிடும். எழுப்ப வழியே இல்லைன்னு தெரிஞ்சுக்கினு நிம்மதியா இருப்பார். ஆனா, கையில இருந்த வரத்தைத் தூக்கிப் போட்டுட்டு, பொண்டாட்டியைப் பொண்டாட்டியாவே அனுப்பி வச்சாரே, அதுவும் போயிடும். எது பெருசுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை.

"தப்பில்லண்ணே. அக்காவுக்கு அசந்து தூக்கம் வந்துச்சு. தூங்க வுட்டீங்க"ன்னேன்.

மேல்துண்டால மூஞ்சியை மூடிக்கினு அழுதார், கொரலே வரலை. உலகத்துல யாருக்கும் அடங்காத என் வாய் அன்னிக்கு அடங்குச்சு. இதைப் படிச்சுட்டு யாராவது போய் அவர்கிட்ட தாள் விஷயத்தைச் சொன்னீங்கன்னா, நான் சும்மா விட மாட்டேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.